டொம்மு போய்விட்டான்: பாளை பேண்டு பையன்கள் யாராவது இருக்கிறீர்களா?

சைடுடிரம்_பாளை எழுதியது:

பல வருஷமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போகிறவன் நான். இன்று நானே ஓர் இழை தொடங்க வேண்டியதாகிவிட்டது.

பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளி என்.சி.சி. பேண்டில் 1986 முதல் 1989 வரை பேஸ் டிரம் அடித்தவன் டொம்மு. வாத்தியார் கூப்பிடுகிற பேர் வேறு. எங்களுக்கு அவன் டொம்முதான். அப்புறம் அரசு பஸ்ஸில் கண்டக்டர் ஆனான். மூன்று வாரத்துக்கு முன்னால் ராத்திரி டூட்டி முடித்து வீட்டுக்கு வந்தவன், நெஞ்சை அடைக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. 52 வயது. நான் ஓசூரில் இருக்கிறேன். தகவல் வந்தது மறுநாள் மதியம். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தெரியாதவர்களுக்காக எங்கள் பேண்டைப் பற்றிச் சொல்கிறேன். 19 பேர். முன்னால் மேஸ் என்கிற நீளக் கோலைப் பிடித்துப் போகிற பேண்டு மேஜர். ஆறு சைடு டிரம், இரண்டு டெனர் டிரம், ஒரு ஜோடி சிம்பல் (பெரிய தாளத் தட்டு), எட்டு பியூகிள் (பித்தளை ஊதுகுழல்). இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு பேஸ் டிரம். 28 அங்குல வட்டம். பதிமூன்று வயசுப் பையன் அதைத் தோள்வாரில் மாட்டிக்கொண்டால் அவனுக்கு முன்னால் இருக்கிற தரை தெரியாது. மற்றவர்கள் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து நடப்பார்கள். டொம்மு எட்டிப் பார்க்கமாட்டான். முன்னால் போகிறவன் பிடரியை மட்டும் பார்ப்பான். "தரை எங்கல ஓடிரப் போவுது" என்பான்.

கைதட்டு வாங்குவது எங்களைப் போன்ற சைடு டிரம்காரர்கள்தான். டாடி-மம்மி என்று ஓர் உருட்டு உண்டு. வலது கை இரண்டு, இடது கை இரண்டு, மெதுவாகத் தொடங்கி வேகம் ஏற்றிக்கொண்டே போனால் மழை பெய்கிற மாதிரி ஒரே சத்தமாகிவிடும். அதை ஆறு மாதம் பரீட்சை அட்டையில் தட்டித் தட்டிப் பழகினேன். பேஸ் டிரம்முக்கு அந்த வித்தையெல்லாம் கிடையாது. இடது கால் தரையில் படும்போது டொம். திரும்ப இடது கால், திரும்ப டொம். ஆனால் பின்னால் வருகிற அத்தனை பிளட்டூனும் அந்த டொம்மில்தான் காலை வைக்கும். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 அடி நடை. அது ஓர் இழை பிந்தினாலும் நூறு பேருக்குக் கால் மாறிவிடும். மூன்று வருஷத்தில் அவன் பிந்தி நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவைதான் அந்த டிரம் நின்றுபோகப் பார்த்தது. அதற்குக் காரணம் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1988 ஆகஸ்ட் 15. வ.உ.சி. மைதானத்தில் அணிவகுப்பு. முதல் நாள் ராத்திரி முழுக்கச் சாரல். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டோர் ரூமைத் திறந்து பேஸ் டிரம்மைத் தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டுகிற சத்தம். அப்போதெல்லாம் எங்களுக்குத் தோல்தான். டிரம்மைச் சுற்றிக் கயிறு குறுக்கும் நெடுக்குமாகப் போகும். அந்தக் கயிற்றில் தோலால் ஆன காதுகள் கோத்திருக்கும். காதைக் கீழே இறக்கினால் கயிறு இழுபட்டுத் தோல் விறைக்கும். டொம்மு பூட்ஸுக்குப் பாலிஷ் போடப் போயிருந்தான். நான் யாரையும் கேட்காமல் எல்லாக் காதையும் அடிவரைக்கும் இறக்கிவிட்டேன். சத்தம் கணீரென்று வந்தது. எனக்கு ஒரே பெருமை.

எட்டரை மணிக்கு வெயில் வந்தது. ஈரத்தில் இழுத்துக் கட்டின தோல் வெயிலில் காய்ந்து சுருங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. சல்யூட் மேடைக்கு இருபது கஜம் முன்னால், பட் என்று ஒரு சத்தம். வலது பக்கத் தோல் மேலிருந்து கீழாகக் கிழிந்து தொங்கியது.

நான் அவனுக்கு நேர் முன் வரிசை. திரும்பிப் பார்க்க முடியாது. அடுத்த இடது காலுக்கு டொம் வராது என்று நினைத்து வயிறு கலங்கியது. வந்தது. சத்தம் அமுங்கி, சொத்தையாக வந்தது. ஆனால் காலுக்குச் சரியாக வந்தது. வலது கையைத் தொங்கப் போட்டுவிட்டு, இடது கையால் இடது பக்கத் தோலில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அதுவரை அந்தக் கையில் அவன் தாளம் பிடித்ததே இல்லை. மைதானத்தைச் சுற்றி முடிக்கும்வரை ஓர் அடி தவறவில்லை. கடைசியில் மேஸ் உயர்ந்ததும், நிறுத்தச் சொல்லிப் பேஸ் டிரம் கொடுக்கிற இரட்டை அடியையும் இடது கையாலேயே கொடுத்தான். டொம்-டொம். நின்றோம்.

அதற்குப் பிறகு, டிரம்மைப் பாழாக்கினான் என்று அவனுக்குத் தண்டனை. கிழிந்த டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளி மைதானத்தை ஐந்து சுற்று. அதிகாலையில் யார் தோலை இழுத்தது என்று மாஸ்டர் கேட்டபோது டொம்மு ஒன்றும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து சுற்றும் அவன் ஓடியதைப் பூரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

37 வருஷம் ஆகிறது. எத்தனையோ முறை அவன் பஸ்ஸில் போயிருக்கிறேன். கல்யாண வீடுகளில் பக்கத்து இலையில் சாப்பிட்டிருக்கிறேன். சொல்லவில்லை.

அந்தப் பேண்டில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பதில் போடுங்கள். அவன் தெருவில் ஒரு சாயங்காலம் எல்லோரும் கூடவேண்டும் என்று ஆசை.

சிம்பல்_தம்பி எழுதியது:

அண்ணே, நான் உங்களுக்கு இரண்டு வருஷம் ஜூனியர். சிம்பல் அடித்தவன். டொம்மு அண்ணன் போன செய்தியை உங்கள் பதிவில்தான் தெரிந்துகொண்டேன். படித்துவிட்டுக் கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டேன்.

சிம்பலும் பேஸ் டிரம்மும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில்தான் நடக்கும். அதனால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அண்ணன் உதடு ஓயாமல் அசையும். பாட்டு கிடையாது, எண்ணுவதும் கிடையாது. "வை, வை, வை" என்பான். காலை வை என்று அர்த்தம். இந்தியில் கமாண்ட் கேட்டுக் கேட்டு மிரண்டுபோயிருந்த எனக்கு அந்த "வை"தான் பாடம். தேஜ் சல், கதம் தால் எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தது.

இன்னொன்று. ஒரு தடவை பாளையிலிருந்து டவுனுக்கு ஊர்வலம். சுலோச்சனா முதலியார் பாலத்தில் ஏறினவுடனே மாஸ்டர் கை காட்டினார், அண்ணன் இரட்டை அடி கொடுத்து நிறுத்தினான். எல்லோரும் கால் சேராமல் சும்மா நடந்தோம். பாலத்தில் பட்டாளம் ஒரே சீராகக் கால் வைத்தால் பாலம் ஆடும், இங்கிலாந்தில் 1831-ல் அப்படி ஒரு தொங்கு பாலமே இடிந்து விழுந்தது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். 1843-ல் கட்டின கல் பாலம் பத்தொன்பது பையன்களுக்கு அசையாதுதான். ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்பார். தாளம் இல்லாமல் அந்தப் பாலத்தைக் கடந்த ஐந்து நிமிஷம் எனக்கு என்னவோ போலிருந்தது. கீழே தாமிரபரணி, மேலே வெறும் பூட்ஸ் சத்தம். அக்கரை இறங்கினதும் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு முதல் அடியைப் போட்டான். நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது.

நான் கட்டாயம் வருகிறேன். என்னிடம் சிம்பல் இல்லை. வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டெக்சாஸ்_தகப்பன் எழுதியது:

நான் உங்கள் பேண்டு இல்லை, உங்கள் ஊரும் இல்லை. சொந்த ஊர் கரூர், இப்போது டெக்சாஸ். என் மகன் இங்கே ஒரு டிரம் கோரில் இரண்டு கோடைக்காலம் பேஸ் டிரம் அடித்தான் என்பதால் இந்த இழையை விட்டு நகர முடியவில்லை.

டிரம் கோர் என்பது பள்ளி பேண்டிலிருந்து வேறு. முதல் உலகப் போர் முடிந்து திரும்பின சிப்பாய்களின் சங்கங்கள் ஊர் ஊராகப் பையன்களுக்கு டிரம்மும் பியூகிளும் வாங்கிக் கொடுத்து வளர்த்த வழக்கம். இன்றைக்கும் அதில் பித்தளை வாத்தியம், டிரம், கொடி வீசுகிறவர்கள்தான் முக்கியம். கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் இடம் கிடையாது. இப்போது போட்டி நடத்துகிற டி.சி.ஐ. அமைப்பின் முதல் தேசியப் போட்டி 1972-ல் விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்கிற சின்ன ஊரில் நடந்தது. இப்போது இறுதிப் போட்டி ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில். கோடை முழுக்கப் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து எழுந்து ஆடுவார்கள். 22 வயதைத் தொட்டால் அதோடு சரி, வெளியே வந்துவிட வேண்டும்.

அங்கே பேஸ் டிரம் ஒன்று கிடையாது. வழக்கமாக ஐந்து. சிறிதிலிருந்து பெரிது வரை ஐந்து அளவு, ஐந்து சுருதி. ஒரே வரியை ஐந்து பேரும் பங்கு போட்டு அடிப்பார்கள். என் மகன் நாலாவது. அவன் பங்கு தனியாகக் கேட்டால் ஒன்றும் புரியாது, அங்கே ஓர் அடி இங்கே ஓர் அடி. ஐந்தும் சேர்ந்தால்தான் வரி.

ஒரு ராத்திரி ஐந்தாவது பையனுக்குக் காய்ச்சல், களத்தில் இறங்கவில்லை. அவன் இடத்தை யாரும் நிரப்பவில்லை. மைதானத்தில் அவன் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டு, அந்தக் காலியிடத்தைச் சுற்றியே எல்லோரும் திரும்பினார்கள், நடந்தார்கள். வரியில் அவன் அடி விழ வேண்டிய இடத்தில் வெறும் மௌனம். பார்வையாளர் வரிசையில் இருந்த எனக்கு அந்த இல்லாத பையன்தான் அன்று முழுக்கத் தெரிந்தான்.

உங்கள் கூட்டத்தில் பேஸ் டிரம் இடத்தைக் காலியாக விட்டு நடந்தால் என்ன? யோசனைதான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பித்தளைக்குழல் எழுதியது:

சைடு டிரம்மே, நான் யாரென்று உனக்குத் தெரியும். பியூகிள் வரிசையில் வலது ஓரம். சாவுக்கு நான் போயிருந்தேன். உன்னைத் தேடினேன்.

அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும். எனக்கு ஏன் பியூகிள் வந்தது தெரியுமா? எனக்கு டிரம் அடிக்கத்தான் ஆசை. வீட்டில் கேட்டேன். "தோலைத் தொட்டு அடிக்கிறது நம்ம வேலையா, சாவு வீட்டு மேளமா அடிக்கப் போற" என்று ஆச்சி சத்தம் போட்டாள். பித்தளை என்றால் பாதகமில்லை என்று பியூகிளுக்குச் சம்மதித்தார்கள். அது சாதிப் பேச்சு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நம் பேண்டில் முதல் வாரம் சைடு டிரம்முக்கு அடிபிடி, பேஸ் டிரம்முக்கு மட்டும் ஆள் இல்லை. ஏன் இல்லை என்று இப்போது நினைத்துப் பார். பெரிய தோல், பார்க்க அப்படியே மேளம். டொம்மு கையைத் தூக்கினான். அவன் தாத்தா ஊரில் தப்பு மேளம் அடித்தவர். அவனுக்கு எல்லாம் புரிந்துதான் தூக்கினான் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன்.

சாவு அன்றைக்கு அவன் தாத்தா ஊர்க்காரர்கள் தப்போடு வந்தார்கள். தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார்கள். அந்தச் சூட்டு வாசனை வந்ததும், 1988-ல் நம் ஸ்டோர் ரூமில் அடித்த தோல் வாசனை நினைவுக்கு வந்தது. அடிக்க ஆரம்பித்தார்கள். அது நம் மார்ச் தாளம் கிடையாது, வேறு நடை. ஆனாலும் கூட்டத்தில் நம் ஆட்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேருக்கும் இடது கால் தானாக அதில் எங்கேயோ ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காலியிடம் விடலாம் என்று டெக்சாஸ்காரர் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. அவர்களுக்கு ஐந்து டிரம், ஒன்று போனாலும் நாலு இருக்கிறது. நமக்கு ஒன்றுதான். பேஸ் டிரம் இல்லாமல் நம்மால் நடக்கவே முடியாது. டிரம் இருக்க வேண்டும். யாராவது அடிக்க வேண்டும்.

நான் லாஸ்ட் போஸ்ட் ஊதுகிறேன். பல் இரண்டு போய்விட்டது, ஆனாலும் ஒரு மாதம் சாதகம் பண்ணினால் வந்துவிடும். ஐந்து சுரம்தானே.

பட்டாளம்_ஓய்வு எழுதியது:

வணக்கம். நான் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் பேண்டில் 17 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் நண்பருக்கு என் அஞ்சலி.

லாஸ்ட் போஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் பட்டாளத்தில், ராத்திரி காவல் நிலைகளைச் சுற்றிப் பார்த்து முடித்ததற்கு அடையாளமாக ஊதினது அது. கடைசிக் காவலும் பார்த்தாகிவிட்டது, இனி தூங்கலாம் என்று பொருள். அதனால்தான் சிப்பாயின் அடக்கத்தில் அதை ஊதுகிறோம். பனியிலும் மலையிலும் போன என் தோழர்களுக்காக அதைக் கேட்டு நின்றவன் நான். சீருடைக் கடமையில் போனவர்களுக்கென்று அது இருக்கட்டும் என்பது என் எண்ணம். கேடட் என்பவர் சிப்பாய் இல்லை. மனம் நோகச் சொல்லவில்லை.

பேஸ் டிரம்காரரின் அருமை எங்களுக்குத் தெரியும். துருக்கி சுல்தான்களின் ஜானிசரிப் படையிடமிருந்து ஐரோப்பியப் பட்டாளங்கள் எடுத்துக்கொண்ட வாத்தியம் அது. எங்கள் பேண்டில் எத்தனை பெரிய வித்வான் இருந்தாலும், ரூட் மார்ச் என்கிற நெடுந்தூர நடையில் முப்பதாவது கிலோமீட்டரில் ஆட்களை நடக்க வைப்பது அந்த ஒரு மேளம்தான்.

பித்தளைக்குழல் எழுதியது:

ஐயா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவன் 27 வருஷம் காக்கி போட்டான். தீபாவளி, பொங்கல் ஒன்றில்கூட வீட்டில் இருந்ததில்லை. ஊரெல்லாம் ஊருக்குப் போகிற நாளில் அவன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்தான். ராத்திரிக் கடைசி ட்ரிப் முடித்து, பஸ்ஸுக்குள் யாரும் தூங்கிப் போய்விட்டார்களா என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். அதுவும் கடைசிக் காவல்தானே?

பட்டாளம்_ஓய்வு எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. ராத்திரி முழுக்க யோசித்தேன்.

ஒரு வழி சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கேம்ப்பில் பொழுது சாயும்போது கொடி இறக்குவதற்கு ரிட்ரீட் ஊதுவீர்கள் அல்லவா? அது கேடட்டுக்கும் சொந்தம், சிப்பாய்க்கும் சொந்தம். உங்கள் நண்பரும் நீங்களும் சிறுவயதில் சேர்ந்து நின்று கேட்டது அதுதான். சூரியன் இறங்குகிற நேரத்தில் அதை ஊதுங்கள். கேட்கிற எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்.

டிரம் பற்றியும் சொல்கிறேன். துக்க நடையில் டிரம்முக்குக் கறுப்புத் துணி சுற்றுவோம். சைடு டிரம்மில் அடிப்பக்கத்து நரம்பைத் தளர்த்திவிடுவோம், அப்போது சரசரப்பு போய் வெறும் மரச் சத்தம் வரும். நடை மெதுவாக. நிமிஷத்துக்கு அறுபது அடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளைக்குழல் எழுதியது:

ரிட்ரீட் சரி ஐயா. நிஜமாகவே சரி. கடம்பூர் பக்கம் ஒரு கேம்ப்பில் தினம் நான்தான் ஊதினேன், டொம்மு கொடிக்கயிறு பிடித்தான். மறந்தே போயிருந்தேன்.

யாழ்_வாசகன் எழுதியது:

வணக்கம். எங்கட பள்ளிக்கூடத்திலும் பாண்ட் இருந்தது. இல்ல (ஹவுஸ்) விளையாட்டுப் போட்டிக்கு நாங்கள்தான் முன்னுக்குப் போவம். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றரிகூட உள்ளே விடாத காலம். ரேடியோ கேட்கிறதெண்டால் சைக்கிள் டைனமோவைச் சுத்த வேணும். ஆனால் டிரம்முக்குக் கரண்ட் தேவையில்லைத்தானே. பின்னேரங்களில் எங்கட பழகல்தான் அந்த ஒழுங்கையில் இருந்த ஒரே பாட்டுச் சத்தம்.

1995 ஒக்டோபர் கடைசியில், சண்டையால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டபோது டிரம்மெல்லாத்தையும் பள்ளிக்கூட ஸ்டோரில் வைத்துப் பூட்டிப்போட்டு நடந்தம். என்னோடு டெனர் அடித்தவன் திறப்பை (சாவியை) தன்ர சட்டைப் பையில் வைத்திருந்தான். அவன் திரும்பி வரவில்லை. பிறகு கதவை உடைத்துத்தான் திறந்ததாம்.

உங்கட நண்பருக்காகக் கூடுறது நல்ல விசயம். கட்டாயம் செய்யுங்கோ. எங்களுக்கு ஆக்களைச் சேர்க்கிறதுக்கு ஊரில் ஆக்கள் இல்லை.

சைடுடிரம்_பாளை எழுதியது:

யாழ் நண்பரே, உங்கள் டெனர் நண்பரையும் சேர்த்தே அன்றைக்கு நினைத்துக்கொள்வோம். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

எல்லோருக்கும் ஒரு செய்தி. போன சனிக்கிழமை ஊருக்குப் போனேன். நம் பழைய பேஸ் டிரம் உயிரோடு இருக்கிறது! பள்ளிக்கூடம் புது செட் வாங்கினபோது பழையதையெல்லாம் ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டைப் பக்கம் பேண்டு செட் வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி எடுத்து வைத்திருந்தார். மச்சில் கிடந்தது. மேல் வண்ணம் உரிந்துவிட்டது, ஆனால் என்.சி.சி.யின் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்று பட்டையும் தெரிகிறது. ஒரு பக்க வளையம் விரிசல். உள்ளே கையை விட்டுத் துழாவினேன். 1987 என்று பிளேடால் கீறினது விரலில் தட்டுப்பட்டது.

இப்போதெல்லாம் மீரட்டிலிருந்து வருகிற பிளாஸ்டிக் ஷீட்தான் எல்லோரும் போடுகிறார்கள், மழைக்கும் வெயிலுக்கும் அசையாது என்றார் அண்ணாச்சி. நம் பியூகிள்களும் அங்கேயிருந்துதான் வந்தன, அங்கே வாத்தியம் செய்கிற பேட்டையின் பேர், ஜலி கோட்டி, பெட்டியில் எழுதியிருந்தது நினைவிருக்கிறதா? நான் தோல்தான் வேண்டும் என்றேன். ஆட்டுத்தோல் வாங்கி ஊறப்போட்டு இழுத்துத் தருவதாகச் சொன்னார். காதுகள் எல்லாம் காய்ந்து விறகாகக் கிடந்தன. வேப்பெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். இந்த முறை பாதி வரைதான் இறக்குவேன்.

பித்தளைக்குழல் எழுதியது:

காது என்றதும் உன் முதல் பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நினைவுக்கு வருகிறது. இத்தனை நாள் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

அவனுக்குத் தெரியும்.

2004-ல் என் தங்கை கல்யாணத்துக்கு வந்திருந்தான். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு அந்த ஆகஸ்ட் 15 பற்றிப் பேச்சு வந்தது. யாரோ எலி கடித்திருக்கும் என்றேன். சிரித்தான். "எலி எல்லாக் காதையும் ஒரே மட்டத்துக்கு இறக்குமா? அளவுகோல் வச்ச மாதிரி இருந்துச்சு. அப்படி இறக்குறவன் நம்ம செட்ல ஒருத்தன்தான்" என்றான். நாங்கள் எல்லோரும் அவசரத்தில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று இழுத்துவிடுவோம். உன் சைடு டிரம்மில் மட்டும் காதெல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். அது உன் கை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவன் டிரம்மைப் புடுங்கிருவாங்க. அவன் உருட்டு இல்லாம எனக்குக் கை வராது" என்றான். இதில் ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை.

சைடுடிரம்_பாளை எழுதியது:

நான்கு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. மன்னியுங்கள்.

அவன் பஸ்ஸில் நான் ஏறும்போதெல்லாம் டிக்கெட் கொடுத்துவிட்டுக் கம்பியில் விரலால் டாடி-மம்மி தட்டிக் காட்டிவிட்டுப் போவான். என்னைச் சீண்டுகிறான் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்திருந்தேன்.

தை மாதக் கடைசி ஞாயிறு. மாலை ஐந்தரை மணிக்கு அவன் தெருமுனையில் கூடுகிறோம். அங்கிருந்து வீட்டு வாசல் வரை நடை. பொழுது சாய்கிற நேரத்துக்கு வாசலில் ரிட்ரீட். இதுவரை 11 பேர் சொல்லியிருக்கிறார்கள். சைடு டிரம் மூன்று, சிம்பல் ஒன்று, பியூகிள் நாலு, மற்றவர்கள் சும்மா கூட நடக்கிறார்கள். பேண்டு மேஜர் துபாயிலிருந்து வருகிறார். முழங்கால் வலி, ஆனாலும் மேஸ் பிடிப்பேன் என்கிறார்.

பேஸ் டிரம் யார் எடுப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை.

டொம்மு_மகள் எழுதியது:

மாமாக்களுக்கு வணக்கம். பித்தளைக்குழல் மாமா இந்த இழையின் சுட்டியை அனுப்பினார்கள். எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுற்றி ஓடின கதை எங்களுக்குத் தெரியாது. இடது கையால் அடித்த கதை மட்டும் தெரியும், அதை அப்பா வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்வார்கள்.

பேஸ் டிரம்மை நான் எடுக்கலாமா? எனக்கு அடிக்கத் தெரியாது. ஆனால் சின்ன வயசில் அப்பா என்னைத் தன் பாதத்தின் மேல் நிற்க வைத்து வீட்டுக்குள் நடப்பார்கள், வை வை என்று சொல்லிக்கொண்டு. அது மார்ச் என்று இப்போதுதான் தெரிகிறது. பக்கத்துவீட்டுப் பையனின் டிரம்மை வாங்கி மொட்டை மாடியில் ஒரு வாரமாகப் பழகுகிறேன்.

அப்பாவின் விசில் என்னிடம் இருக்கிறது. பேண்டில் இரண்டு அடி என்றால் நில், பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் போ, நான் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன் என்று சொல்வார்கள். கிளம்பும்போது அந்த விசிலை இரண்டு முறை ஊதலாமா?

அப்புறம், எந்தக் கையால் அடிக்க வேண்டும்? நான் இடது கைக்காரி.

சிம்பல்_தம்பி எழுதியது:

பாப்பா, நான் உன் பக்கத்திலேயே நடக்கிறேன். பயப்படாதே.

சைடுடிரம்_பாளை எழுதியது:

இடது கையாலேயே அடி மக்களே. இடது பக்கத்துக்குத்தான் நல்ல தோலாகப் போட்டிருக்கிறோம்.

விசில் இரண்டு ஊது, கிளம்புவோம். மெதுவான நடை, ஒரு நிமிஷத்துக்கு முப்பது டொம் மட்டும் போதும். நீ எங்களைப் பார்க்காதே, முன்னால் போகிற என் பிடரியைப் பார். காலை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். உங்கள் வாசலுக்குப் பத்தடி முன்னால் மேஸ் மேலே போகும், அப்போது இரட்டை அடி.

கயிறு இழுக்க நான் நாலு மணிக்கே வந்துவிடுவேன். நீயும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள். செருப்பு போட்டு வராதே, கால் மாறும். ஷூ இருந்தால் ஷூ, இல்லையென்றால் வெறுங்கால்.